செத்ததா, உதிர்ந்ததா?

புற்றுநோய் செல்லைக் கொல்லும் மூலிகை பற்றிய செய்திகளுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சாவை ஆய்வுக்கூடம் எந்த முறையில் கண்டுபிடித்தது என்ற கேள்விக்குத்தான் பஞ்சம். முறை மாறினால் தீர்ப்பும் மாறும்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் பணிபுரியும், முன்பு பணிபுரிந்த 262 புற்றுநோய் மருத்துவர்கள் 2024 நவம்பரில் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மஞ்சளும் வேப்பிலையும் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்து முற்றிய புற்றுநோயை விரட்டியதாக முன்னாள் கிரிக்கெட் வீரர் ஒருவர் பேசிய வீடியோ நாடெங்கும் பரவியிருந்த நேரம் அது. இதற்கு ஆதாரம் இல்லை, இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பது மருத்துவர்கள் சொன்னதன் சாரம். அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது. இந்தப் பொருள்களில் சிலவற்றைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் நோயாளிக்குச் சிபாரிசு செய்யும் அளவுக்கு இன்னும் எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

அப்படி நடக்கும் ஆராய்ச்சிகளில் பெரும் பகுதியின் அரங்கம் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் மனிதப் புற்றுநோய் செல்களை வளர்க்கிறார்கள். மஞ்சளின் சாறையோ வேம்பின் சாறையோ ஊற்றுகிறார்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ எத்தனை செல்கள் மிஞ்சின என்று கணக்கெடுக்கிறார்கள். குறைந்திருந்தால் கட்டுரை தயார். அது பத்திரிகைக்கு வரும்போது, ‘புற்றுநோயைக் கொல்லும் மஞ்சள்’ என்று தலைப்பு பெறுகிறது.

ஆனால் தட்டில் பினாயிலை ஊற்றினாலும் செல் சாகும். ஒரு பொருள் செல்லைக் கொல்கிறது என்பது பெரிய செய்தியே இல்லை. எப்படிக் கொல்கிறது என்பதே கேள்வி. அடித்துக் கொல்கிறதா, அல்லது செல்லுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும் தற்கொலைத் திட்டத்தைத் தூண்டி விடுகிறதா? இரண்டையும் பிரித்தறிய இன்று பல வழிமுறைகள் இருக்கின்றன. எல்லாமே நல்லவை, எதுவுமே தனியாகப் போதுமானதல்ல. எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதில்தான் ஓர் ஆராய்ச்சி நிற்பதும் விழுவதும்.

இரண்டு சாவுகள்

1960களில் ஜான் கெர் என்ற ஆஸ்திரேலிய நோய்க்குறியியல் மருத்துவர் எலியின் கல்லீரலை ஆராய்ந்துகொண்டிருந்தார். ரத்த ஓட்டம் குறைக்கப்பட்ட பகுதியில் சில செல்கள் வழக்கம்போல ஊதி வெடிக்காமல் சுருங்கிச் சிறு உருண்டைகளாகப் பிரிவதைக் கண்டார். சுற்றிலும் வீக்கமோ அழற்சியோ இல்லை. 1972இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கரி ஆகியோருடன் சேர்ந்து இதைத் தனி வகைச் சாவாக அறிவித்தார். பெயர் வைக்க உதவியவர் அதே பல்கலைக்கழகத்தின் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜேம்ஸ் கோர்மக். அவர் கொடுத்த ‘அப்போப்டோசிஸ்’ என்ற சொல்லுக்கு, மரத்திலிருந்து இலை உதிர்வது, பூவிலிருந்து இதழ் உதிர்வது என்று பொருள்.

தமிழில் ‘உதிர்வு’ என்றாலே போதும். பூவின் பருவங்களை அரும்பு, மொட்டு என்று எண்ணிக்கொண்டு வந்து, உதிரும் பூவுக்கு ‘வீ’ என்று தனிப் பெயரே வைத்த மொழி இது. பழுத்த இலை விழுவது காற்றின் வேலை போலத் தோன்றும். உண்மையில் காம்பின் அடியில் ஒரு பிரிவு அடுக்கை உண்டாக்கி இலையைக் கழற்றிவிடுவது மரம்தான். புயலில் கிளை முறிந்து விழும் பச்சை இலையின் கதை வேறு. செல்லிலும் இதே வேறுபாடு. அடிபட்டோ நஞ்சாலோ சாகும் செல் வீங்கி வெடித்து, உள்ளிருப்பதை அக்கம்பக்கத்தில் கொட்டி அழற்சியைக் கிளப்புகிறது. இது சிதைவு. திட்டப்படி சாகும் செல் தன்னைத்தானே மடித்துக் கட்டி, பொட்டலம் பொட்டலமாக்கி, அண்டை செல்கள் விழுங்குவதற்கு வசதி செய்து கொடுத்துவிட்டுப் போகிறது. இது உதிர்வு.

நம் உடலில் தினமும் பல ஆயிரம் கோடி செல்கள் இவ்வாறு ஓசையில்லாமல் விடைபெறுகின்றன. கருவில் கைவிரல்களுக்கு இடையே இருந்த சவ்வு மறைந்ததும் இப்படித்தான். 1 மி.மீ. நீளமே உள்ள ஓர் உருளைப்புழுவின் உடலில் 1,090 செல்கள் உருவாகி, அவற்றில் சரியாக 131 செல்கள் குறித்த நேரத்தில் செத்துப்போகின்றன. அந்தச் சாவுக்கும் மரபணுக்கள் உண்டு என்று காட்டிய ஆராய்ச்சிகளுக்காக சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகியோருக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

சாக வேண்டிய நேரத்தில் சாக மறுப்பது புற்றுநோய் செல்லின் முக்கியமான குணங்களில் ஒன்று. சில ரத்தப் புற்றுநோய்களில் பி.சி.எல்.-2 என்ற புரதம் அளவுக்கு மீறிச் சுரந்து, சாவைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தப் புரதத்தின் பிடியைத் தளர்த்தும் வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்துக்கு 2016இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆகவே, ‘இந்தப் பொருள் உதிர்வைத் தூண்டுகிறது’ என்பது வெறும் வர்ணனை இல்லை. மருந்தாகும் வாய்ப்பு இதற்கு இருக்கிறது என்ற உரிமை கோரல். அதனால்தான் ஆதாரமும் வலுவாக இருக்க வேண்டும்.

ஊதா நிறத்தின் மயக்கம்

பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் முதலில் நாடுவது எம்.டி.டி. என்ற சோதனையை. 1983இல் டிம் மோஸ்மன் அறிமுகப்படுத்திய முறை. மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் செல்களோடு சேர்த்தால், உயிருள்ள செல்கள் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றுகின்றன. ஊதா அதிகம் என்றால் உயிர் அதிகம். 96 குழிகள் கொண்ட தட்டில் ஒரே சமயத்தில் பல அளவுகளைச் சோதிக்கலாம். மலிவு, வேகம், எளிமை.

ஆனால் எம்.டி.டி. சாவை அளப்பதில்லை. செல்லின் வளர்சிதை மாற்றத்தை அளக்கிறது. சாகாமல், பிரிந்து பெருகுவதை மட்டும் நிறுத்திக்கொண்ட செல்கள் இருந்தாலும் ஊதா குறையும். உதிர்வா சிதைவா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு ‘தற்கொலையைத் தூண்டுகிறது’ என்று எழுதுவது, தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்ததைப் பார்த்து ஊரில் கொலை நடந்துவிட்டது என்பதற்குச் சமம்.

மூலிகைச் சாறு என்றால் இன்னொரு பொறியும் உண்டு. தாவரங்களில் மலிந்திருக்கும் பாலிஃபீனால்கள் போன்ற ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள், செல்லே இல்லாத குழியிலும் அந்த மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கிவிடக் கூடியவை. 2002இல் வெளியான ஓர் ஆய்வு இதை விளக்கிக் காட்டி எச்சரித்தது. விளைவு, செத்த செல்களும் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் வரும். இதற்குப் பரிகாரம் எளிது. செல் இல்லாமல் சாறு மட்டும் ஊற்றிய சில குழிகளைத் தட்டில் ஒதுக்க வேண்டும். சாறைக் கரைக்கப் பயன்படும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானே அளவு மிஞ்சினால் செல்லைக் கொல்லும் என்பதால், அதற்கும் தனிக் குழிகள் தேவை. செலவு கொஞ்சம். தவிர்த்தால் நஷ்டம் அதிகம்.

தடயங்களின் வரிசை

திட்டமிட்ட சாவு படிப்படியாக நடக்கிறது. ஒவ்வொரு படியும் ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. எந்தத் தடயத்தைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே முறை அமைகிறது.

ஆரம்பத் தடயங்களில் ஒன்று செல்லின் மேலுறையில் தெரியும். வழக்கமாக உறையின் உட்பக்கம் இருக்கும் ஃபாஸ்ஃபட்டிடைல் செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் புரண்டு வருகிறது. ‘என்னை விழுங்கு’ என்று துப்புரவு செல்களுக்குக் காட்டும் கொடி அது. அனெக்ஸின்-5 என்ற புரதம் இந்தக் கொழுப்பைத் தேடி ஒட்டிக்கொள்ளும். அதில் ஒளிரும் பச்சைச் சாயத்தைக் கோத்துவிட்டால் கொடி காட்டும் செல்கள் பளிச்சிடும். கூடவே புரொப்பிடியம் அயோடைடு என்ற சிவப்புச் சாயமும் சேர்க்கப்படுகிறது. அது உறை கிழிந்த செல்லுக்குள் மட்டுமே நுழையும். பச்சை மட்டும் என்றால் உதிர்வின் தொடக்கம். பச்சையும் சிவப்பும் என்றால் உறை கிழிந்த செல். இரண்டும் இல்லையென்றால் உயிருள்ள செல். செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவி சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான செல்களைத் தரம் பிரித்துவிடுகிறது. 1990களின் மத்தியில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நிலைநிறுத்திய இந்த முறைதான் இன்று அதிகம் பயன்படுபவற்றில் ஒன்று.

அடுத்த தடயம் கேஸ்பேஸ் என்ற என்ஸைம்கள். சாவை நிறைவேற்றும் கத்திகள் இவை. சாதாரணமாக உறையில் கிடக்கும். திட்டம் தொடங்கியதும் வெட்டப்பட்டுக் கூர்மை பெறும். இப்படி வெட்டுப்பட்ட கேஸ்பேஸ்-3ஐ மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் கிடைக்கின்றன. இந்தக் கத்தி வெட்டிய புரதங்களையும் தேடலாம். பி.ஏ.ஆர்.பி. என்ற புரதம் முழு அளவிலிருந்து குறைந்து 89 கிலோடால்ட்டன் துண்டாகக் காணப்பட்டால், கத்தி இங்கே வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

கடைசியாக வருவது டி.என்.ஏ. துண்டாடப்படுவது. உதிரும் செல்லின் டி.என்.ஏ. ஏறக்குறைய 180 முதல் 200 அடியிணைகளின் மடங்குகளாக நறுக்கப்படுகிறது. அதை ஜெல்லில் ஓடவிட்டால் ஏணியின் படிகள் போலக் கோடுகள் தெரியும். 1980இல் வைலி காட்டிய இந்த ‘ஏணி’க்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம், ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிடலாம். சிதைவில் ஏணி வராது, கலங்கிய ஒரு தீற்றல்தான் வரும். ஆனால் ஏணிக்கு லட்சக்கணக்கான செல்கள் தேவை. எத்தனை சதவீதம் உதிர்ந்தன என்றும் அது சொல்லாது.

இத்தனைக்கும் நடுவே பழைய முறையான கண்ணால் பார்ப்பது இன்னும் மவுசு குறையாமல் இருக்கிறது. அக்ரிடின் ஆரஞ்சு, எத்திடியம் புரோமைடு என்ற இரண்டு சாயங்களைச் சேர்த்து ஒளிர்வு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சுருங்கிய கருவும் கொப்புளம் விட்ட உறையும் நேராகத் தெரியும். கெர் கண்டது கருவியின் எண்ணை அல்ல, செல்லின் உருவத்தைத்தான்.

கைதி எண் எம்.சி.எஃப்.-7

தடயத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, எந்தச் செல் என்று கேட்க வேண்டும். இந்திய ஆய்வுக்கூடங்களில் மார்பகப் புற்றுநோய் என்றாலே நினைவுக்கு வருவது எம்.சி.எஃப்.-7 என்ற செல் வகை. 1973இல் அமெரிக்காவின் மிச்சிகன் புற்றுநோய் அமைப்பு அறிமுகப்படுத்தியது. புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் கிடங்கிலும் கிடைக்கும். இதில் ஒரு விசேஷம். இந்தச் செல்களின் கேஸ்பேஸ்-3 மரபணுவில் 47 அடியிணைகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. எனவே அந்தப் புரதமே இவற்றில் உருவாவதில்லை. 1998இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு இன்னொன்றையும் சொன்னது. இவை திட்டமிட்டுச் சாகும்போதும் டி.என்.ஏ. ஏணி வருவதில்லை.

அதாவது எம்.சி.எஃப்.-7இல் கேஸ்பேஸ்-3ஐத் தேடுவது, வீட்டில் இல்லாதவரின் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுவது. பதில் வராததால் சாவு நடக்கவில்லை என்று முடிவு கட்டினால் தவறு. இந்தச் செல்லில் அந்தப் புரதம் ஏகமாகப் பெருகியதாக யாராவது கோடு காட்டினால், செல்லோ எதிர்ப்பொருளோ சரிதானா என்று சந்தேகப்பட வேண்டும். இங்கே பொருத்தமானவை அனெக்ஸின், கேஸ்பேஸ்-7, மைக்ராஸ்கோப்பில் தெரியும் உருவம் ஆகியவை.

சோதிக்கப்படும் பொருளும் குழப்பும். மஞ்சளின் குர்குமின் தானாகவே பச்சை ஒளி வீசக் கூடியது. அனெக்ஸினில் கோக்கும் பச்சைச் சாயத்துக்கும் அதே ஜன்னல்தான். குர்குமினை உள்வாங்கிய செல், உயிரோடு இருந்தாலும், கருவியின் கண்ணுக்கு உதிரும் செல்லாகத் தோன்றலாம். டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதே குழப்பத்தைச் சிவப்பில் செய்யும். சாயமே சேர்க்காமல் மருந்து மட்டும் கொடுத்த செல்களை முதலில் ஓட்டிப் பார்ப்பதும், வேறு நிறச் சாயத்துக்கு மாறுவதும் இதற்கு வழி. குர்குமினின் இத்தகைய குணங்களையும், உடலில் அது நிலைக்காமல் சிதைந்துபோவதையும் 2017இல் வெளியான விரிவான மதிப்பீடு ஒன்று வரிசைப்படுத்தியது.

கொட்டிப்போன பிணங்கள்

கைப்பழக்கத்தில் நடக்கும் பிழைகள் வேறு. தட்டின் அடியில் ஒட்டி வளரும் செல்கள் சாகும்போது பிடி விட்டு மிதக்கும். மிஞ்சியதை எடுக்கும் அவசரத்தில் மேலே இருக்கும் திரவத்தைக் கொட்டிவிட்டால், செத்தவை எல்லாம் தொட்டிக்குள் போய்விடும். கணக்கில் சாவே இருக்காது. ஒட்டிய செல்களைப் பிரிக்க டிரிப்சினை அதிக நேரம் விட்டால் நல்ல செல்லின் உறையும் கிழியும். அனெக்ஸின் ஒட்டக் கால்சியம் வேண்டும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. மிச்சமிருந்தால் கொடி பறந்தாலும் கண்ணில் படாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் நேரம். உடலுக்குள் உதிரும் செல்லை விழுங்க ஆள் உண்டு. தட்டில் இல்லை. விழுங்கப்படாத பொட்டலம் சில மணி நேரத்தில் தானே கிழிந்துபோகும். மருந்து ஊற்றி 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால் உதிர்ந்த செல்லும் சிதைந்த செல்லும் ஒன்றுபோலவே பச்சையும் சிவப்புமாக நிற்கும். ஆகவே ஒரே ஒரு நேரத்தில் எடுத்த படம் தீர்ப்பாகாது. 6, 12, 24 மணி என்று வரிசையாகப் பார்த்து, பச்சை மட்டும் உள்ள செல்கள் முதலில் வந்தனவா என்று காட்ட வேண்டும்.

நோயாளியிடமிருந்து எடுத்த திசுத் துண்டு என்றால் கதை மாறுகிறது. அதை லேசர் முன் ஓடவிட முடியாது. இருந்த இடத்திலேயே சாவைக் காண வேண்டும். 1992இல் ஜெருசலேத்தில் உருவான ட்யூனல் முறை இதற்காகவே வந்தது. அறுபட்ட டி.என்.ஏ. முனைகளில் ஒரு என்ஸைம் கொண்டு அடையாளம் பொருத்துவது அதன் தந்திரம். ஆனால் முனை எதனால் அறுந்தது என்று என்ஸைமுக்குத் தெரியாது. சிதைவிலும், வெட்டியெடுத்த பிறகு தாமதத்தால் அழுகிய திசுவிலும் ட்யூனல் ஒளிர்வதை 1995இல் எலிக் கல்லீரலில் நடந்த ஆய்வு காட்டியது. அதன் பிறகு கவனமுள்ள ஆய்வாளர்கள் வெட்டுப்பட்ட கேஸ்பேஸ்-3 சோதனையையும் அதோடு சேர்த்துக்கொள்கிறார்கள். என்ஸைம் சேர்க்காத ஒரு துண்டும், வேண்டுமென்றே டி.என்.ஏ.வை அறுத்த ஒரு துண்டும் ஒப்பீட்டுக்கு இருக்க வேண்டும்.

இதற்கிடையே சாவின் வகைகளும் பெருகிவிட்டன. கேஸ்பேஸ் இல்லாமலே திட்டமிட்டு வெடிக்கும் நெக்ரோப்டோசிஸ், இரும்பின் துணையோடு கொழுப்பு கெட்டு நடக்கும் ஃபெரோப்டோசிஸ் என்று புதுப் பெயர்கள் சேர்ந்தன. பின்னதற்கு 2012இல்தான் பெயரே வைத்தார்கள். இவற்றிலும் செல் உறை கிழியும், எம்.டி.டி. ஊதா குறையும். எனவே இன்று இன்னொரு கேள்வி அவசியமாகிறது. கேஸ்பேஸைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தால் செல் பிழைக்கிறதா? பிழைத்தால் உதிர்வு என்ற வாதம் வலுக்கும். பிழைக்கவில்லையென்றால் வேறு கதவைத் தட்ட வேண்டும். செல் சாவுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளும் இந்தத் திசையில்தான். தோற்றத்தை மட்டும் நம்பாமல், எந்தப் பாதையைத் தடுத்தால் சாவு நிற்கிறது என்பதை வைத்து வகைப்படுத்தச் சொல்கின்றன.

முப்பது ஆண்டுப் பயணம்

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? நூற்றுக்கணக்கான பொருள்களில் எது செல்லைப் பாதிக்கிறது என்று வடிகட்ட எம்.டி.டி. போதும். பாதித்தவற்றில் எது உதிர்வைத் தூண்டுகிறது என்று அறிய, வேறு வேறு படிகளைப் பார்க்கும் குறைந்தது இரண்டு முறைகள் வேண்டும். உறைக்கு அனெக்ஸின், கத்திக்குக் கேஸ்பேஸ் என்பது நல்ல ஜோடி. ஃப்ளோ சைட்டோமீட்டர் இல்லாத இடத்தில் இரட்டைச் சாய மைக்ராஸ்கோப்பும் டி.என்.ஏ. ஏணியும் சேர்ந்து கௌரவமான சாட்சிகள். அனெக்ஸினும் இன்னொரு வகை அனெக்ஸினும் என்றால் அது ஒரே சாட்சி இரண்டு முறை பேசுவது.

கூடவே, நிச்சயமாக உதிர்வைத் தூண்டும் என்று தெரிந்த மருந்தை ஒரு தட்டில் ஊற்றி, கையாளும் முறை வேலை செய்கிறதா என்று உறுதி செய்துகொள்வது மரபு. அதற்குப் பல இடங்களில் பயன்படும் கேம்ப்டோதெசின் ஒரு தாவரப் பொருள்தான். மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானியும் மன்றோ வாலும் 1966இல் அமெரிக்காவில் ஒரு சீன மரத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1972இல் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் என்.விஸ்வநாதனும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம் ஒன்றிலும் அது இருப்பதைக் காட்டினார்கள். முதல் சோதனைகளில் நச்சுத்தன்மை அதிகமாக இருந்ததால் மனிதர்களுக்குக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அது செல்லில் எந்த என்ஸைமைத் தாக்குகிறது என்பது 1985இல் தெரிந்தது. அதன் வழிவந்த டோபோடெகன், இரினோடெகன் ஆகிய மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1996இல். மரத்திலிருந்து நோயாளியின் ரத்தக் குழாய்க்கு வர 30 ஆண்டு.

மூலிகையை ஏளனம் செய்பவர்களுக்கும், மூலிகைச் செய்தியை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பவர்களுக்கும் இந்தக் கதையில் பதில் இருக்கிறது. நித்தியகல்யாணிச் செடி தந்த வின்கிரிஸ்டின் இன்றும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. ஆனால் அது கஷாயமாக வேலை செய்யவில்லை. பிரித்து, அளந்து, சோதித்த பிறகே மருந்தானது.

ஆகவே அடுத்த முறை ‘புற்றுநோயை அழிக்கும் இலை’ என்ற செய்தி வரும்போது வாசகர் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். தட்டிலா, எலியிலா, மனிதரிலா? சாவைக் காட்டிய முறைகள் எத்தனை? நல்ல செல்களை அது விட்டு வைத்ததா? தட்டில் ஊற்றிய அளவு ரத்தத்தில் சேர வழி உண்டா? பதில் கிடைக்காத வரை, அந்தச் செய்தியால் செத்திருப்பது சில ஆயிரம் செல்கள் மட்டுமே. அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்தும் நோயாளியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது.